அப்பாவிடம் சொல்லப்படாத மூச்சின் அளவு

மூன்று மொழியிலும் "பரவாயில்லை" சொல்லத் தெரிந்த என் அன்பு அப்பாவுக்கு,

நீ போன பிறகு நான் உன்னோடு பேசவே இல்லை. அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் படத்தைப் பார்த்து ஏதாவது சொல்வாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பாள், கம்பெனி பஸ் இன்றைக்கும் லேட் என்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவேன். கோபம்தான். யார் மேல் எவ்வளவு என்று அப்போது பிரிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். உன்னைச் சோதித்த அந்த டாக்டர்களும் படிக்கவேண்டும் என்பதால் இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் மறுபடி இறங்கி ராகிக் கொல்லையை மிதித்துவிட்டுப் போயின. நீ வேலை செய்த ரோஜாப் பண்ணையில் பிப்ரவரி ஆர்டருக்காகப் புதிய கிரீன் ஹவுஸ் கட்டியிருக்கிறார்கள். உன் இடத்தில் பசப்பா மாமாதான் செடிக்கு மருந்தடிக்கிறார். அவரும் உன்னைப்போலவே துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொள்கிறார்.

அடுத்தது உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலை ஆராய ஒரு மருத்துவக் குழு வந்தது. பழைய ஆராய்ச்சி மாதிரி இல்லையாம் இது. நம்மைச் சோதித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லையாம். என்ன ஆராய்வது, எப்படி ஆராய்வது என்பதையே நம்மோடு உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். அதற்காக இருமல் உள்ள தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். சமுதாயக் கூடத்தில் தலைமை டாக்டரம்மா மைக்கைப் பிடித்துப் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நீங்க எங்களுக்கு நோயாளிங்க இல்ல. இந்த ஆராய்ச்சியில நீங்க எங்க பங்காளிங்க."

பின் வரிசையிலிருந்து பசப்பா மாமா கத்தினார். "பங்காளின்னா வரப்புத் தகராறு வருமே மேடம்!"

கூடமே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. தமிழ் தெரியாத வெங்கடம்மா அத்தைக்கு அந்தக் கிண்டலைத் தெலுங்கில் விளக்குவதில் மும்முரமாக இருந்தாய்.

அங்கேதான் உன்னைப் பிடித்தார்கள். குழுவில் பாதிப் பேர் தெலுங்கு, சிலர் கன்னடம். வந்தவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். உனக்கு மூன்றும் வரும் என்று தெரிந்ததும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "முனிராஜ், நீங்க இங்க வந்து உக்காருங்க" என்றார். நீயும் இருமிக்கொண்டிருந்த ஒரு நோயாளிதான். ஆனாலும் முதல் கூட்டத்திலேயே உன் நாற்காலி அவர்கள் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லோருடைய கேள்வியும் உன் வாய் வழியாகப் போனது. உன் கேள்வி மட்டும் போகவே இல்லை. உனக்கென்று ஒரு கேள்வி இருந்ததா அப்பா?

விடுமுறை நாள் கூட்டங்களில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். காது மட்டும் உங்கள் பக்கம் இருக்கும். வெங்கடம்மா அத்தை பூ வெட்டுகிறவர். கத்தரிக்கோல் எப்படியோ நாக்கும் அப்படி. மூச்சின் அளவைப் பார்க்க எல்லோரையும் ஒரு மிஷினின் குழாயில் ஊத வைத்திருந்தார்கள். ஒருநாள் அவர் அதைப் பற்றித் தெலுங்கில் கேட்டார்: "குழாய்ல ஊது ஊதுன்னு உயிரை வாங்குறீங்க. நாங்களும் உயிர் போற மாதிரி ஊதறோம். மிஷினுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது. ஊதினவளுக்குத் தெரியக்கூடாதா? நாங்க என்ன பலூனா ஊதினோம்?"

நீ எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தமிழில் சொன்னாய்: "முடிவு தெரிஞ்சா நல்லாருக்கும்னு அபிப்பிராயப்படறாங்க மேடம்."

அபிப்பிராயப்படுகிறார்களாம்! நான் புத்தகத்தை மூடிவிட்டு உன்னையே பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வெங்கடம்மா கல்லைத் தூக்கிப் போட்டா நீ அதை ரோஜாவா மாத்தி அவங்க கையில குடுக்கற. அவங்களுக்கு எப்பிடி வலிக்கும்?"

"பெரிய படிப்பு படிச்சவங்க மஞ்சு. மூஞ்சி கோணிக்கினு போயிட்டாங்கன்னா மறுபடி வருவாங்களா? இத்தினி வருஷத்துல நம்மளப் பாக்க யாரு வந்தாங்க? வந்தவங்களை நாமே தொரத்தறதா?"

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு நடந்ததை நான் விரிவாக எழுதப்போவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே வேலைக்குப் போனாய். ஒருநாள் முடியாமல் படுத்தாய். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த டாக்டர். நமக்கு முன்னாடியே எப்படித் தெரியும் என்று அம்மா அழுதாள். அந்தக் கேள்விக்குப் பதில் நம் வீட்டுக்கே நடந்து வந்தது.

உன் காரியத்துக்கு முந்தின நாள் டாக்டரம்மா துக்கம் கேட்க வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "அவரைப் பத்தி எங்களுக்கும் பயம் இருந்துச்சும்மா. மொத தடவை ஊதினப்பவே அளவு ரொம்பக் கம்மியா இருந்துச்சு."

அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டினாள். நான்தான் கேட்டேன்.

"மொத தடவைன்னா எப்ப மேடம்?"

"ஆரம்பத்துலயேம்மா. நாங்க வந்த புதுசுல."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆராய்ச்சியில தனித்தனியா முடிவு சொல்ற வழக்கம் இல்லம்மா. அது வைத்தியம் இல்லையே. எல்லாரோட அளவையும் சேர்த்துத்தான் பார்ப்போம். அதை மொதல்லயே குழுவுல சொல்லிட்டோம். உங்க அப்பாவே தெலுங்குலயும் கன்னடத்துலயும் எடுத்துச் சொன்னாரே."

அவர் அழாமல் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வெறி வந்திருக்காது. உன் அளவு அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் பக்கத்து நாற்காலியில் நீ இருந்தாய். கூட்டத்துக்குக் கூட்டம் அவர்களுக்காகப் பேசினாய், நடுநடுவே இருமினாய். ஒருவர்கூடக் குனிந்து உன் காதில் சொல்லவில்லை. இதற்குப் பெயர் பங்காளியா?

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஜீப்பின் கண்ணாடியை உடைப்பதாகக் கனவு கண்டேன். அந்த ஊதுகிற மிஷினைத் தூக்கிக் கிணற்றில் போடுவதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன், கணக்கு தப்பாய்ப் போனது. பிறகு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி விதிகளைப் படித்தேன். சொல்லக் கூடாது என்று எந்தக் கடவுளும் விதிக்கவில்லை அப்பா. திட்டம் போடும்போதே, சோதனையில் மோசமாக எதுவும் தெரிந்தால் அவரவரிடம் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்துக்கொண்டால் போதும். இவர்கள் தீர்மானிக்கவில்லை. வெங்கடம்மா அத்தை கேட்டதை நீ அபிப்பிராயம் ஆக்கிவிட்டாய். அவர்களும் அதை அபிப்பிராயமாகவே கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கான நாளை அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் டாக்டரம்மா போன் செய்தார். இரண்டாம் சுற்றுச் சோதனை தொடங்கப்போகிறதாம். கூட்டத்தில் உன் படத்தை வைத்து விளக்கேற்றப் போகிறார்களாம். "உனக்கும் மூணு பாஷை வரும்னு சொன்னாங்க. அப்பா இடத்துல நீ உக்காருவியாம்மா?" என்று கேட்டார்.

அம்மா முதலில் வேண்டாம் என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்குக் களி கிண்டியபடி யோசித்தாள். துடுப்பை எடுத்து என் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "போ. ஆனா உங்கப்பன் வாயை எடுத்துக்கினு போகாத. என் வாயை எடுத்துக்கினு போ."

போனேன். எனக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி வெங்கடம்மா அத்தை பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். உன் படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள், அதுவும் அந்தப் பண்ணை ரோஜா. விளக்கேற்றி முடிந்ததும் டாக்டரம்மாவோடு வந்த கண்ணாடி போட்ட சார் அவர் பக்கம் சாய்ந்து, எனக்குப் புரியாதென்று நினைத்து, ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். நான் எழுந்து நின்று அதைத் தெலுங்கில் சொன்னேன். பிறகு கன்னடத்தில். கடைசியாகத் தமிழில், சார் முகத்தைப் பார்த்து.

"சட்டுனு சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு போட்டோவை எடுத்துட்டா மதியத்துக்குள்ள கெளம்பிடலாம், இவங்க எதுக்கு வேணும்னாலும் தலையாட்டுவாங்கன்னு சார் சொல்றாரு."

"தலையாட்ட நாங்க பூம்பூம் மாடா?" என்றார் பசப்பா மாமா கன்னடத்தில். அதையும் தமிழில் சொன்னேன். என் வேலை அதுதானே?

சார் சிவந்துபோனார். "ஏம்மா, அது நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டது."

"பங்காளிங்களுக்குள்ள ரகசியம் எதுக்கு சார்?" என்று கேட்டேன். அப்பா, அந்தக் கணத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீ இருந்திருந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருப்பாய்.

வெங்கடம்மா அத்தை பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். பலூனைக்கூட விடாமல் முழுசாகத் தமிழாக்கினேன். டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார்: தனி முடிவு தருவது இந்தத் திட்டத்தில் இல்லை, முதல் நாளே சொல்லியிருக்கிறோம். அதையும் ஒரு சொல் குறையாமல் தெலுங்கில் சொன்னேன். "உன் அளவை உனக்குச் சொல்ல மாட்டாங்க அத்தை. இப்பவும் மாட்டாங்க, எப்பவும் மாட்டாங்க. மொத நாளே சொல்லிட்டாங்களாம்."

அத்தை எழுந்துவிட்டார். அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எப்ப சொன்னாங்க? உங்கப்பா சொல்லுவாங்கன்னு தானே எங்ககிட்ட சொன்னாரு! 'கொஞ்சம் பொறுங்கக்கா, அளவு வந்ததும் வீட்டுக்கே வந்து சொல்லுவாங்க'ன்னாரு. அதை நம்பித்தானே பாப்பா நாங்க இத்தினி நாளா ஊதினோம்?"

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாள்களில் நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பசப்பா மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். "எங்கிட்டயும் அப்படித்தாம்மா சொன்னான்."

நாங்கள் பேசியது எதுவும் டாக்டர்களுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றாங்க ரேணுகா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா, உன் வேலை எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. 'எப்ப சொன்னீங்கன்னு கேக்கறாங்க மேடம்' என்று சொல்லியிருந்தால் போதும். அதுவும் பொய் இல்லை. உன் மானம் தப்பியிருக்கும். மாலையோடு நீ அங்கேயே இருந்தாய். அத்தையின் கோபத்தை முழுசாகச் சொன்னால் அது முதலில் உன் மேல்தான் விழும். சொல்லாமல் விட்டால் நானும் நீதான். அடுத்து யாராவது உன்னைப்போல அளவு தெரியாமல் மருந்தடிக்கப் போவார்கள்.

சொன்னேன். "எங்க அப்பா இவங்ககிட்ட பொய் சொல்லியிருக்காரு மேடம். நீங்க அளவைச் சொல்ல மாட்டோம்னு சொன்னதை, சொல்லுவாங்கன்னு மாத்திட்டாரு. அதை நம்பித்தான் இவங்க ஊதினாங்களாம்."

நான் நிறுத்தவில்லை.

"உங்க மேல இவங்களுக்குக் கெட்ட எண்ணம் வரக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. நீங்க நல்லவங்க, கடைசியில சொல்லிடுவீங்கன்னு அவரும் நம்பியிருப்பாரு. உங்களுக்காகப் பொய் சொன்ன ஆளோட அளவு உங்க கையில இருந்துச்சு மேடம். அவருகிட்டகூட நீங்க உண்மையைச் சொல்லல."

நான் சொன்னதை நானே தெலுங்கிலும் கன்னடத்திலும் திரும்பச் சொன்னேன். வெங்கடம்மா அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த மனுஷனுக்கு எல்லாரும் நல்லவங்க" என்று மட்டும் சொன்னார்.

"அளவைச் சொல்லாம இனி ஒருத்தரும் ஊத மாட்டோம்" என்றார் பசப்பா மாமா, இந்த முறை தமிழிலேயே. டாக்டரம்மா வெளியே போய் ரொம்ப நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, திட்டத்தை மாற்றவேண்டுமென்றால் மேலே இருக்கிற நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்கவேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். நான் அதைச் சொன்னதும் வெங்கடம்மா அத்தை கையை விரித்தார்.

"ஆகட்டும். நாங்க என்ன பூவா, அதுக்குள்ள வாடிப் போறதுக்கு?"

யாரும் ஊதாமலே மிஷினைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த ஜீப் தளி ரோட்டில் திரும்பிப் போவதைப் பார்த்து எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள் அப்பா. நீ பயந்த மாதிரி ஓடிப்போகவில்லை. இப்போது ஊதிய அன்றைக்கே, அவரவர் மொழியில், தனியாக உட்கார வைத்து அளவைச் சொல்கிறார்கள். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் வெளியிலிருந்து ஆள் வைத்திருக்கிறார்கள். குழுவில் இருக்கிற யாரையும் மொழிபெயர்க்கக் கூப்பிடக் கூடாது என்பது வெங்கடம்மா அத்தை போட்ட நிபந்தனை. அவருடைய அளவும் குறைவுதான். உடனே கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். நேரத்துக்குத் தெரிந்துவிட்டதாம். இப்போது கிரீன் ஹவுஸுக்குள் போவதில்லை. வெளிக் கொட்டகையில் பூப் பிரித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த நிமிடமே வயிறு எரிகிறது. இது உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

"இப்பக் கோபம் போச்சாம்மா?" என்று டாக்டரம்மா போன வாரம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"நாங்க மாறிட்டோமே ரேணுகா."

"நீங்க மாறினது வெங்கடம்மா அத்தைக்கு மேடம். எங்க அப்பாவுக்கு இல்ல."

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்களாம். அதன் முடிவில் 'மறைந்த பங்காளர் முனிராஜ் அவர்களுக்கு நன்றி' என்று போட அம்மாவிடம் சம்மதம் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நன்றி வேண்டாம் என்றேன். வேறு ஒன்றை எழுதச் சொன்னேன்: முனிராஜின் மூச்சளவு குறைவு என்று எங்களுக்குத் தொடக்கத்திலேயே தெரியும், அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

"அப்படியெல்லாம் யாரும் எழுதினது இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"அப்ப அவர் பேரும் வேணாம்" என்றாள் அம்மா. சம்மதம் இல்லை என்று எழுந்துவிட்டாள். டாக்டரம்மா யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். அவர் யோசிக்கட்டும். தூக்கம் வராமல் யோசிக்கட்டும்.

உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டும். "கொஞ்சம் பொறுங்க, சொல்லுவாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னபோது, அதை நீயே உனக்கும் சொல்லிக்கொண்டாயா? ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் நாற்காலிகளை அடுக்கிவிட்டு அவர்கள் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாயே. உன் அளவைச் சொல்வார்கள் என்றுதான் நின்றாயா? கேட்டால் அவர்கள் முகம் வாடும் என்று பேசாமல் வந்துவிட்டாயா?

பதில் வராது என்று தெரியும். அதனால் முதல் வரியோடு சேர்க்க இரண்டாவது வரி ஒன்றையும் நானே எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்: சொல்ல மாட்டோம் என்றதை, சொல்வார்கள் என்று முனிராஜ் மாற்றிச் சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் செய்தது மட்டும் அச்சாகி, நீ செய்தது மறைந்துபோனால் அது உண்மை ஆகாது. எனக்கு அவர்களை அடிக்க முழு உண்மை வேண்டும்.

இந்த இரண்டு வரியும் அச்சாகும்வரை நான் அவர்களை விடமாட்டேன். மேல்படிப்புக்கு எங்கே போனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, இதே கேள்வியைக் கேட்பேன். அச்சாகி வரும் நாளில் சமுதாயக் கூடத்தில் எழுந்து நின்று, தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் நானே படிப்பேன். ஒரு சொல்லையும் மெதுவாக்க மாட்டேன், உனக்காகக்கூட.

இப்படிக்கு,
உன் மேலும் கோபம் தீராத, உனக்காகவே கோபம் தீராத
உன் மகள்,
ரேணுகா